முதல் 8 நிமிடங்கள் யார் கையில்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். என் மகன் சிங்கப்பூர்க் குடிமைத் தற்காப்புப் படையில் கட்டாயத் தேசிய சேவை செய்தவன். ஒரு தீயணைப்பு நிலையத்தில் 24 மணி நேரப் பணி. அவன் வீடு திரும்பும்வரை எனக்கு மனம் நிலைகொள்ளாது. 2022 டிசம்பர் 8ஆம் தேதி, ஹெண்டர்சன் ரோட்டில் அடுக்குமாடி வீட்டுத் தீயை அணைக்கச் சென்ற 19 வயது தேசிய சேவையாளர் உயிரிழந்த செய்தி வந்தபோது, முகம் தெரியாத அந்தத் தாயை நினைத்து அழுதேன். தீப்பிடித்தால் நம் வீட்டுக் கதவைத் தட்டி உள்ளே நுழைபவர்களில் பலர் இந்த வயதுப் பிள்ளைகள்தாம். அவர்களுக்கு வழிவிட்டு வைத்திருக்கிறோமா என்று கேட்கவே இதை எழுதுகிறேன்.

இந்தப் படை இன்றைய வடிவத்துக்கு வந்ததில் நம் சிராங்கூன் சாலைக்கும் பங்குண்டு. 1986 மார்ச் 15 அன்று அங்கே ‘நியூ வோர்ல்ட்’ ஹோட்டல் இருந்த கட்டடம் நொறுங்கி விழுந்தது. 33 பேர் மாண்டனர். 17 பேர் உயிருடன் மீட்கப்பட்டனர். அப்போது தீயணைப்புத் துறை வேறு, குடிமைத் தற்காப்புப் படை வேறு. எம்ஆர்டி ரயிலுக்குச் சுரங்கம் தோண்டிக்கொண்டிருந்த வெளிநாட்டுப் பொறியாளர்களும் இடிபாட்டுக்குள் குடைந்து சென்று உதவினார்கள். 1989 ஏப்ரல் 15 அன்று அந்தத் துறையும் படையும் இணைந்து ஒரே படையாயின. இன்று உள்துறை அமைச்சின் கீழ் தீயணைப்பு, மீட்பு, ஆம்புலன்ஸ் எல்லாவற்றுக்கும் 995 என்ற ஒரே எண். ஆண்டுக்கு ஏறத்தாழ 2,000 தீச்சம்பவங்கள் என்றால், மருத்துவ அழைப்புகள் 200,000க்கும் அதிகம். அவசரமில்லாத நோய்க்கு ஆம்புலன்ஸ் அழைக்க 1777 என்ற எண் இருக்கிறது. அதைப் பலர் மறந்துவிடுகிறோம்.

தீ என்றால் 8 நிமிடங்களில் சென்று சேர்வது படையின் இலக்கு. பெரிய நிலையங்கள் போதாது என்றுதான் குடியிருப்புப் பேட்டைகளுக்குள்ளேயே சிறிய தீயணைப்பு முகாம்களை வைத்து, அங்கே ‘ரெட் ரைனோ’ என்னும் சிறிய வண்டியையும் நிறுத்தியிருக்கிறார்கள். இவ்வளவு செய்தும் வண்டி புளோக்கின், அதாவது அடுக்குமாடிக் கட்டடத்தின், கீழேதான் வந்து நிற்க முடியும். அதற்குப்பின் மாடி ஏற வேண்டும், நடைபாதையைக் கடக்க வேண்டும். பொது நடைபாதையில் குறைந்தது 1.2 மீட்டர் அகலம் காலியாக இருக்க வேண்டும் என்பது விதி. எங்கள் மாடியில் நான் அளந்து பார்த்தேன். காலணி அலமாரி, பழைய மெத்தை, கட்டுக்கட்டாகச் செய்தித்தாள், மின்சைக்கிள் என்று ஓரிடத்தில் ஒரு மீட்டர்கூட மிஞ்சவில்லை. மூச்சுக்கருவியைச் சுமந்துகொண்டு, புகையில் கண் தெரியாமல் வருகிற பிள்ளை இதில் எப்படி நடப்பான்? சக்கர நாற்காலியில் இருக்கும் கடைசி வீட்டுப் பாட்டியை எப்படி வெளியே கொண்டுவருவது? பொருள்களை எடுக்கச் சொன்னால் அண்டைவீட்டாரோடு மனக்கசப்பு வருமோ என்று நானும் பல மாதம் வாய் திறக்கவில்லை. அது தவறு.

வண்டி வருவதற்கு முன்னால் இருக்கிற நிமிடங்களில் சாதாரண மனிதர் என்ன செய்ய முடியும் என்பதை 2025 ஏப்ரல் 8 அன்று ரிவர் வேலி ரோட்டில் பார்த்தோம். கடைவீட்டில் தீப்பற்றியபோது, பக்கத்தில் வேலை செய்துகொண்டிருந்த வெளிநாட்டு ஊழியர்கள் சாரக்கட்டையும் ஏணியையும் கொண்டுவந்து குழந்தைகளை ஒவ்வொருவராக இறக்கினார்கள். ஒரு சிறுமியைக் காப்பாற்ற முடியாமல் போன துயரம் மாறாது. ஆனாலும் அவர்கள் தயங்கி நின்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே பதறுகிறது.

எனவே, வசிப்போர் குழுக்களும் நகர மன்றங்களும் ஆண்டுக்கு ஒருமுறையாவது மாடி மாடியாக நடைபாதையைப் பார்வையிட வேண்டும். நடக்க முடியாத முதியவர்கள் எந்த வீட்டில் இருக்கிறார்கள் என்பது அதே மாடியில் இருப்பவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். தீயணைப்பான் பிடிப்பது, நெஞ்சை அழுத்தி முதலுதவி செய்வது போன்ற பயிற்சிகளை ஊழியர் தங்குவிடுதிகளில் தமிழிலும் வங்காளத்திலும் இன்னும் பரவலாக நடத்தலாம். 2018 ஜூனுக்கு முன் கட்டிய வீடுகளில் புகை எச்சரிக்கைக் கருவி பொதுவாகக் கட்டாயமில்லை. வசதியில்லாத முதியவர்களின் வீடுகளில் அதைப் பொருத்த நம் தமிழ் அமைப்புகள் முன்வந்தால், எங்கள் புளோக்கில் வீடு வீடாகச் சென்று பெயர் எழுதித்தர நான் தயார்.

இப்படிக்கு,
தோ பாயோ வாசகி ஒருவர்