பழைய போனை அழிப்பதற்கு முன்: தகவல் தொழில்நுட்ப அமைச்சகத்துக்கு ஒரு திறந்த மடல்

மத்திய மின்னணு, தகவல் தொழில்நுட்ப அமைச்சகத்தில் பொறுப்பில் இருப்பவர்களுக்கு,

வணக்கம்.

பாலக்காடு மாவட்டம் சித்தூர் வட்டத்தில், கொழிஞ்சாம்பாறையில் நான் செல்போன் கடை வைத்திருக்கிறேன். டிஸ்பிளே மாற்றுவது, ரீசார்ஜ் போடுவது, பழைய போனில் இருப்பதைப் புதுப் போனுக்கு மாற்றிக் கொடுப்பது, இவைதான் தொழில். ஊர் கேரளத்தில் இருந்தாலும் கடைக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் வீட்டில் பேசுவது தமிழ். வேலந்தாவளம் வழியாகப் போனால் கோயம்புத்தூர், கோபாலபுரம் வழியாகப் போனால் பொள்ளாச்சி. பெண் எடுப்பதும் கொடுப்பதும் இரண்டு பக்கமும் நடக்கும்.

முன்பெல்லாம் ஒரு ஆண்ட்ராய்டு போனை வைத்துவிட்டு இன்னொரு ஆண்ட்ராய்டு வாங்குவார்கள். இப்போது வளைகுடாவில் இருக்கும் மகனோ மருமகனோ லீவில் வரும்போது அம்மாவுக்கு ஐபோன் கொண்டுவந்து தருகிறார்கள். ஐபோனுக்கு டிஸ்பிளே போட ஆகும் செலவைக் கேட்டுவிட்டு ஆண்ட்ராய்டுக்கே திரும்புகிறவர்களும் உண்டு. இரண்டு பக்கத்தில் எந்தப் பக்கம் மாறினாலும், எதையாவது தொலைத்துவிட்டுத்தான் என் கடைக்கு வருகிறார்கள். அதை நிறுத்த உங்களால் முடியும் என்று நம்பி எழுதுகிறேன்.

எங்கள் பக்கத்து வீடுகளைப் பற்றி முதலில் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். பாட்டிக்குத் தமிழ் மட்டும்தான் வாசிக்கத் தெரியும். பேத்தி மலையாள மீடியத்தில் படிக்கிறாள். தமிழ் சரளமாகப் பேசுவாள், ஆனால் எழுத்துக்கூட்டத் தெரியாது. தமிழ் மீடியம் பள்ளிகள் இங்கே இருக்கின்றன, இருந்தாலும் நாளைய வேலையை நினைத்துப் பலர் பிள்ளைகளை மலையாளத்திலோ இங்கிலீஷிலோ சேர்த்துவிடுகிறார்கள். அதைக் குற்றமாகச் சொல்லவில்லை, நானும் அப்படித்தான் சேர்த்தேன். பேத்தி எழுதுவதைப் பாட்டியால் வாசிக்க முடியாது, பாட்டி எழுதுவதைப் பேத்தியால் வாசிக்க முடியாது. குரல் செய்தி என்று ஒன்று வந்த பிறகுதான் இந்த வீடுகளுக்குக் கடிதம் என்பதே வந்தது. பால் சொசைட்டிக் கணக்கும், கோயில் பொங்கல் எந்த வெள்ளிக்கிழமை என்பதும், மருமகளோடு மனஸ்தாபமும் எல்லாம் குரல்தான். வெளியூரில் இருப்பவர்களுக்கு ஒரு போனில் எத்தனையோ சங்கதிகள் இருக்கலாம். எங்கள் ஊர்ப் பெரியவர்களின் போனில் இருப்பது பெரும்பாலும் சொந்தக்காரர்களின் குரல்.

சரி, நடந்த ஒன்றைச் சொல்கிறேன்.

அறுபது தாண்டிய ஒரு அம்மா. மகன் ஷார்ஜாவில் இருக்கிறார். அமீரகத்தில் செயலி வழியாகப் பேசும் அழைப்புகளுக்குக் கட்டுப்பாடு உண்டு, நினைத்த நேரத்தில் சும்மா கூப்பிட்டுப் பேச முடியாது. அதனால் மகன் தினமும் ஷிப்ட் முடிந்து அறைக்கு வந்ததும் இரண்டு நிமிடம் பேசி அனுப்புவார். அம்மா மறுநாள் காலை மாட்டுக்குத் தண்ணீர் வைத்துவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்து கேட்பார். அந்த மகன் ஓணத்துக்கு வந்தபோது அம்மாவுக்கு வேறு வகைப் போன் ஒன்றைக் கொண்டுவந்தார். வந்த ராத்திரியே அதை ஆன் செய்து, அம்மா பெயரில் எல்லாவற்றையும் போட்டு, செய்திச் செயலியையும் ஏற்றிக் கொடுத்தார். பழைய போனை ரீசெட் செய்து தங்கை மகளுக்குப் படிக்கக் கொடுத்துவிட்டார். தொடர்பு எண்கள் வந்தன, போட்டோக்கள் வந்தன. மகன் ஊருக்குக் கிளம்பிய பிறகு அம்மா கடைக்கு வந்து, "போட்டோ எல்லாம் வந்துருச்சு சாமி, அவன் பேசினதெல்லாம் எங்க இருக்குது?" என்று கேட்டார்.

அன்றைக்கு முழுக்க அந்த வேலைதான் பார்த்தேன். கடையில் கிடந்த ஒரு பழைய போனில் அந்த அம்மாவின் சிம்மைப் போட்டு, ஓடிபி வாங்கி, இணையத்தில் சேமித்து வைத்திருந்த நகலை, அதாவது பேக்கப்பை, இறக்கினேன். புதுப் போனை மறுபடி சுத்தமாக அழித்துவிட்டு முதலில் இருந்து தொடங்கி, அதற்குள் ஏற்றினேன். வந்தது. ஆனால் ஏழு மாதம் குறைவாக வந்தது. இலவச இடம் நிறைந்துபோனதால் பேக்கப் எப்போதோ நின்றிருக்கிறது, அதை யாரும் கவனிக்கவில்லை. ஏழு மாதக் குரல் எங்கேயும் இல்லை. அந்த அம்மாவுக்கு அதை எந்த வார்த்தையில் சொல்வது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் போனையே துடைத்துக்கொண்டிருந்தேன்.

இதில் யார் தப்பு என்று தேடுவதற்காக இதை எழுதவில்லை. மகன் பாசத்தில் செய்தார். எந்தச் சட்டமும் எந்த எச்சரிக்கையும் அவரை அந்த ராத்திரி தடுக்கவில்லை என்பதுதான் என் வருத்தம்.

இது எப்படி நடக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். வாட்ஸ்அப் பேக்கப் ஆண்ட்ராய்டில் கூகுள் டிரைவுக்குப் போகிறது, ஐபோனில் ஐகிளவுடுக்குப் போகிறது. ஒன்றில் வைத்ததை மற்றதில் திறக்க முடியாது. ஆப்பிள் 2015-இலேயே ஆண்ட்ராய்டில் இருந்து ஐபோனுக்கு மாறுகிறவர்களுக்காக மூவ் டு ஐஓஎஸ் என்ற செயலியை வெளியிட்டது. ஆனால் வாட்ஸ்அப் உரையாடல் அதன் வழியாக வரத் தொடங்கியது 2022-இல்தான். எதிர்ப்பக்கம், ஐபோனில் இருந்து சாம்சங்குக்குப் போக 2021-இல் வழி திறந்தது, அதற்கு இரண்டு போனையும் கேபிளில் இணைக்க வேண்டும். வழி வந்தது நல்லதுதான், அதை வைத்து நான் எத்தனையோ பேருக்கு மாற்றிக் கொடுத்திருக்கிறேன். ஆனால் ஐபோன் பக்கம் போகிறவருக்கு அந்த வாசல் புதுப் போனை முதன்முதலில் ஆன் செய்யும்போதுதான் திறக்கும். ஆன் செய்து உள்ளே நுழைந்துவிட்டால், மறுபடி எல்லாவற்றையும் அழித்தால்தான் உண்டு. புதுப் போன் கைக்கு வந்தால் யார்தான் ஆன் செய்யாமல் இருப்பார்கள்?

சில தடைகள் தேவைதான் என்பது எனக்கும் தெரியும். போன் மாற்றினால் யுபிஐ செயலியை மறுபடி பதிவு செய்ய வேண்டும், முதல் 24 மணி நேரத்துக்கு 5,000 ரூபாய்க்கு மேல் அனுப்ப முடியாது. கடையில் இதற்காகத் திட்டுகிறவர்கள் உண்டு. நான் அந்த விதியின் பக்கம்தான் நிற்பேன், ஏனென்றால் சிம்மைத் திருடிப் பணத்தை எடுப்பவனை அது நிறுத்துகிறது. மகனின் குரலைத் தாயின் புதுப் போனுக்குப் போகவிடாமல் நிறுத்துவதால் எந்தத் திருடனும் பிடிபடுவதில்லை. செய்தி ரகசியக் குறியீட்டில் பூட்டியிருக்கிறது, அதனால் கஷ்டம் என்று நிறுவனக்காரர்கள் சொல்வார்கள். பூட்டு உடையாமல் ஒரு போனில் இருந்து இன்னொரு போனுக்கு நேராகக் கொண்டுபோக முடியும் என்பதை 2022-இல் அவர்களே செய்து காட்டிவிட்டார்கள்.

எல்லையில் வாழ்கிற எங்களுக்கு இந்தக் கதை புதிதல்ல. ஒரு காலத்தில் வாசலில் நின்றால் ஒரு மாநில டவர், புறக்கடையில் நின்றால் இன்னொரு மாநில டவர், நடுவில் ரோமிங் காசு. எண் மாறாமல் நிறுவனம் மாறும் வசதி 2011 ஜனவரி 20-இல் நாடு முழுக்க வந்தது, ஆனால் ஒரே தொலைத்தொடர்பு வட்டத்துக்குள் மட்டும். கேரளம் ஒரு வட்டம், தமிழ்நாடு ஒரு வட்டம். பொள்ளாச்சியில் இருந்து இங்கே கல்யாணமாகி வந்த பெண்கள் தாலியோடு புது எண்ணையும் வாங்கிக்கொள்ள வேண்டியிருந்தது. பழைய எண்ணைத் தெரிந்து வைத்திருந்த தோழிகள் அப்படியே விட்டுப்போனார்கள். 2015 ஜூலை 3-இல் வட்டம் தாண்டியும் எண்ணைக் கொண்டுபோகலாம் என்று ஆனது. இன்றைக்கு 1900-க்கு ஒரு எஸ்எம்எஸ் அனுப்பிவிட்டு ஆதாரோடு கடைக்கு வந்தால் போதும். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2009-இல் விதி வகுத்ததால்தான் இது நடந்தது. அது வேறு துறை என்று தெரியும். ஆனால் எண் வாடிக்கையாளருடையது என்று அன்றைக்கு ஒப்புக்கொண்ட அதே அரசுதான் நீங்களும். அந்த எண்ணுக்கு வந்த செய்தி யாருடையது?

தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டத்துக்காக 2018-இல் நீதிபதி ஸ்ரீகிருஷ்ணா குழு கொடுத்த வரைவில், தன் தகவலை ஒரு இடத்தில் இருந்து இன்னொரு இடத்துக்கு எடுத்துச் செல்லும் உரிமை இருந்தது. 2019-இல் நாடாளுமன்றத்துக்கு வந்த மசோதாவிலும் இருந்தது. அந்த மசோதாவை 2022-இல் திரும்பப் பெற்றீர்கள். 2023-இல் நிறைவேறிய சட்டத்தில் அந்த உரிமை இல்லை. அந்தச் சட்டப்படி என் தகவலின் சுருக்கத்தை நான் கேட்கலாம், திருத்தச் சொல்லலாம், அழிக்கச் சொல்லலாம், என் காலத்துக்குப் பிறகு யார் கேட்கலாம் என்றுகூட நியமிக்கலாம். எடுத்துக்கொண்டு போக மட்டும் முடியாது. எழுதி வைத்திருந்த ஒன்றை ஏன் அடித்தீர்கள் என்பதை எங்களைப் போன்றவர்களுக்குப் புரியும் மொழியில் யாராவது சொல்லியிருக்கலாம்.

ஐரோப்பாவில் இந்த உரிமை 2018 மே 25 முதல் நடப்பில் இருக்கிறது. 2024 மார்ச்சில் இருந்து பெரிய தளங்களுக்குக் கூடுதல் கடமையும் விதித்திருக்கிறார்கள். சட்டம் போட்டால் நிறுவனம் கேட்குமா என்று சந்தேகப்படுகிறவர்கள் என் கடைக்கு வந்து சார்ஜர் தொங்கும் கம்பியைப் பார்க்கலாம். ஒரே சார்ஜர் என்று ஐரோப்பிய ஒன்றியம் 2022-இல் சட்டம் செய்தது. 2023-இல் வந்த ஐபோன் 15-இல் டைப் சி இருந்தது, கொழிஞ்சாம்பாறை வரைக்கும் அதே போன்தான் வந்தது.

நான் கேட்பது இதுதான். விட்டுப்போன அந்த உரிமையைச் சட்டத்தில் திரும்ப எழுதுங்கள். முதல் நாள் மட்டும் என்று இல்லாமல், போனை ஆன் செய்து பத்து நாள் கழித்தும் பழையதில் இருப்பதைக் கொண்டுவர வழி இருக்க வேண்டும் என்று விதி செய்யுங்கள். இரண்டு திசைக்கும் அது பொருந்த வேண்டும். ஒரு வகைப் போனில் எடுத்த பேக்கப்பை இன்னொரு வகையில் திறக்க முடியும்படி நிறுவனங்களைச் சேர்ந்து உட்கார வையுங்கள். பேக்கப் நின்றுபோனால் அது செட்டிங்ஸுக்குள் ஒளிந்திருக்கக் கூடாது, அந்தப் பாட்டி வாசிக்கிற மொழியில் திரையின் நடுவில் வர வேண்டும். இந்தியாவில் விற்கும் ஒவ்வொரு போனின் பெட்டியிலும், அந்தந்த மாநிலத்தில் புழங்கும் மொழிகளில், கவரைக் கிழிக்கும் முன் கண்ணில் படுகிற இடத்தில் இரண்டு வரி எழுதச் சொல்லுங்கள். எங்கள் பக்கம் வரும் பெட்டியில் மலையாளத்தோடு தமிழும் இருக்கட்டும்.

அந்த இரண்டு வரியை நான் ஏற்கெனவே எழுதி, இரண்டு மொழியிலும் கடைக் கண்ணாடியில் ஒட்டி வைத்திருக்கிறேன்: "பழைய போனை அழிக்காதீர்கள், புதுப் போனை ஆன் செய்யாதீர்கள். இரண்டையும் எடுத்துக்கொண்டு முதலில் உள்ளே வாருங்கள்."

இப்படிக்கு,
செல்போன் கடைக்காரன்,
கொழிஞ்சாம்பாறை