ஆட்டத்தை முடிவு செய்யுமுன் எங்களை அழையுங்கள்

நீலகிரி மாவட்டத்து உடற்கல்வி ஆசிரியர்களுக்கும் விளையாட்டுப் பயிற்சியாளர்களுக்கும் வணக்கம்.

குன்னூரிலிருந்து ஒரு தாய் எழுதுகிறேன். என் மகளுக்கு 14 வயது, மூளை முடக்குவாதம். சென்ற ஜனவரியில் ஊட்டியில் மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளுக்கென்று நடந்த ஒரு விளையாட்டு விழாவுக்குப் போனோம். மைதானத்துக்கு இறங்க 22 படிகள். சக்கர நாற்காலியோடு அவளைத் தூக்கித்தான் இறக்கினார்கள். காலை எட்டு மணி, புல்லில் உறைபனி. குளிரில் அவளுக்குத் தசைகள் இறுகிவிடும். மடங்கிப்போன விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துத் தேய்த்துக்கொண்டிருந்தேன். போட்டி தொடங்கியதும், "பாப்பா கைதட்டட்டும்" என்றார்கள். அந்தக் கைகளால்!

அவர்கள் நல்லவர்கள்தான். ஆனால் எல்லாவற்றையும் முடிவு செய்தபிறகே எங்கள் பிள்ளைகளை நினைத்தார்கள்.

முதலில் வழியைப் பாருங்கள். பஸ் நிற்கும் இடத்திலிருந்து ஆடுமிடம் வரை ஒரு சக்கர நாற்காலியைத் தள்ளிப் பாருங்கள். அடுத்து நேரம்: பனிக்காலத்தில் பதினொரு மணிக்கு முன் வேண்டாம். மழை மாதங்களுக்கு ஒரு பள்ளிக்கூட அரங்கு போதும். டவுன் சிண்ட்ரோம் உள்ள சிலருக்குக் கழுத்தின் மேல்பகுதி எலும்பு மூட்டு தளர்ந்திருக்கும். மருத்துவரைக் கேட்காமல் குட்டிக்கரணம் போடச் சொல்லாதீர்கள். விசில் சத்தம் தாங்காத பிள்ளைக்குக் கொடியசைத்தால் போதும்.

போச்சியா என்றொரு ஆட்டம் 1984 முதல் பாராலிம்பிக்கில் இருக்கிறது. வெள்ளைப் பந்துக்கு அருகில் சிவப்புப் பந்துகளையோ நீலப் பந்துகளையோ சேர்க்க வேண்டும், ஆளுக்கு ஆறு. எறிய முடியாதவர்கள் சரிவுப் பலகை வழியாக உருட்டலாம். பலகையை நகர்த்தும் உதவியாளர் ஆடுகளத்துக்கு முதுகு காட்டியே இருக்க வேண்டும் என்பது விதி. எனக்கு மிகவும் பிடித்த விதி அது.

எங்கள் வீட்டில் பழைய சாக்ஸில் அரிசி நிரப்பித் தைத்த பந்துகள்; பாதியாக அறுத்த பிளாஸ்டிக் குழாய்தான் சரிவு. அவள் அப்பா சுவரைப் பார்த்தபடி குழாயைப் பிடித்திருப்பார். "இடது... இன்னும் இடது... போதும்பா" என்று அவள் ஆணையிடுவாள். போன வாரம் கடைசிப் பந்து வெள்ளைப் பந்துக்கு நான்கு விரற்கடை தள்ளி நின்றது. "இன்னொரு ஆட்டம்" என்றாள்.

விளையாட்டில் இவர்களுக்குப் பங்கிருக்க அரசு வழிசெய்ய வேண்டும் என்று 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 30ஆம் பிரிவு சொல்கிறது. நான் கேட்பது வாரம் ஒரு மணி நேரம். கூடவே மற்றப் பிள்ளைகளும் ஆட வேண்டும். அடுத்த திட்டக் கூட்டம் என்றைக்கு என்று சொல்லுங்கள். மகளையும் அழைத்து வருகிறேன்.

இப்படிக்கு,
ஒரு தாய், குன்னூர்