மாட்டை விடுங்கள், பாலைப் பாருங்கள்

தெற்குக் கென்யாவின் கஜியாடோ கவுண்டி (மாவட்ட) அரசுக்கும் கென்யா பால் வாரியத்துக்கும்,

வணக்கம்.

மாசாய் மேய்ப்பர்களுக்குப் பாலில் வருமானம் என்று பேச்செடுத்தாலே, 'நாட்டு மாடு என்னத்தைக் கறக்கும், ஃபிரீசியன் சீமை மாடு கொடுப்போம்' என்று யாராவது ஆரம்பித்துவிடுகிறார்கள். 2020 கடைசியிலிருந்து தொடர்ந்து ஐந்து மழைக்காலம் பொய்த்து, கஜியாடோவில் மாடுகள் கூட்டம் கூட்டமாகச் செத்ததை நீங்களே பார்த்தீர்கள். தினமும் தண்ணீரும் தீவனமும் கேட்கும் சீமை மாட்டை அந்த வறட்சியில் யார் காப்பாற்றுவது? கூடுதல் பால்தான் வேண்டும் என்றால், வெப்பம் தாங்கும் சாகிவால் இன மாடு இருக்கிறது. அந்தக் காளைகளை மாசாய்கள் பல பத்தாண்டுகளாகவே தங்கள் மந்தையில் சேர்த்து வருகிறார்கள்.

மாடு கறப்பது பெண்கள். மடியின் ஒரு பக்கம் கன்று, மறுபக்கம் அவர்கள். மாட்டுக்கு ஒன்றிரண்டு லிட்டர் தேறும். வீட்டுக்கான பாலை, எரியும் ஆலிவ் குச்சியால் உள்ளே தேய்த்துப் புகையேற்றிய சுரைக்குடுக்கையில் ஊற்றுவார்கள். சந்தைக்குப் போகும் பாலோ மஞ்சள் பிளாஸ்டிக் கேனில் ஏறுகிறது. சமையல் எண்ணெய் வந்த அதே கேன். குறுகிய வாய்க்குள் கை நுழையாது, கழுவத் தண்ணீரும் கிடையாது. பிறகு போடாபோடா என்ற வாடகை பைக்கில் கட்டி, வெயிலில் தார்ச்சாலை வரை. அங்கே பால் திரிந்துவிட்டது என்று திருப்பி அனுப்பினால் அன்றைய கூலி போச்சு. அகலவாய் கேனும், தான்சானியா எல்லைக்குப் போகும் நமாங்கா சாலையோரம் சூரிய மின்சாரத்தில் ஓடும் குளிரூட்டும் தொட்டிகளும் இருந்தால் இந்த நஷ்டத்தில் பெரும்பகுதி நின்றுவிடும். மாடு வாங்கித் தருவதைவிட இது மலிவு. திறப்பு விழாவில் புகைப்படம் சுமாராகத்தான் வரும், அது வேறு விஷயம்.

வாரியத்துக்குத் தனியாக ஒன்று. கென்யாவில் விற்கும் பாலில் பெரும்பகுதி இன்றும் பதப்படுத்தாத பச்சைப் பாலாகத்தான் கைமாறுகிறது. இரண்டாயிரத்தின் தொடக்கத்தில் சிறு வியாபாரிகளை விரட்டிக்கொண்டிருக்காமல், அவர்களுக்குப் பயிற்சியும் உரிமமும் தரும் பாதைக்கு வந்தீர்கள். நல்ல முடிவு. அதை மேய்ச்சல் நிலத்துப் பெண்கள் வரை கொண்டுபோங்கள். கறப்பவருக்கும் பதப்படுத்தும் ஆலைக்கும் ஒரே அளவுகோல் வைத்தால், அவர் இருட்டில்தான் விற்பார். பச்சைப் பால் வழியே மனிதருக்கும் தொற்றும் கன்றுவீச்சு நோய் (புருசெல்லோசிஸ்) ஒரு நிஜமான பயம். அதற்குத் தடுப்பூசியும், காய்ச்சிக் குடியுங்கள் என்ற பிரசாரமும் வேண்டும். கேனைப் பிடுங்கினால் நோய் போகாது.

அடுத்து, காசு. மாசாய் வீட்டில் மாடு ஆணுடையது, பால் பெண்ணுடையது. உப்பு, சர்க்கரை, பள்ளி நோட்டு எல்லாம் அந்தப் பால் காசில்தான். கூட்டுறவு வந்து, குடும்பத் தலைவர் பெயரில் உறுப்பினர் அட்டை போட்டு, மாதம் ஒருமுறை அவருடைய எம்-பெசா செல்பேசிக் கணக்குக்குப் பணம் போனால், அதுவரை அவள் கையில் புழங்கிய காசும் போய்விடும். வருமானம் கூடியதாகக் கணக்கு காட்டும், அவள் சர்க்கரைக்குக் கணவனிடம் கை நீட்டுவாள். அதேபோல, சாயங்காலப் பால் பிள்ளைகளுக்கானது. தொட்டி நிரம்பவில்லை என்று அதையும் கேட்காதீர்கள்.

கோடையில் மந்தை தூரம் போய்விடும், பால் வற்றும். அப்போது வரத்து குறைந்தது என்று உறுப்பினர் பட்டியலிலிருந்து பெயர் எடுக்கக் கூடாது. அக்டோபர் மழைக்கு முன்னால் கூட்டுறவின் பதிவுப் படிவத்தை மாற்றுங்கள்: கறப்பவர் பெயர், கறப்பவரின் செல்பேசி எண், வாரம் ஒருமுறை பட்டுவாடா.

இப்படிக்கு,
கென்யாவின் மேய்ச்சல் மக்களைக் கவனித்து வரும் ஒரு தமிழ் வாசகர்