பெல்ஃபாஸ்டில் இருக்கும் அம்மிணிக்கு

சூலூர்,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள அம்மிணி,

நேற்று போனில் நீ கேட்டதில் பாதிதான் காதில் விழுந்தது. மீதியை உங்கம்மா கத்திச் சொன்னாள். என் இடது காதைக் கொண்டுபோன சங்கதியைப் பற்றியே பேரன் கேட்கிறான் என்பதால் எழுதியே விடுகிறேன்.

நீ அனுப்பிய பெல்ஃபாஸ்ட் கப்பல் கட்டும் தளத்துப் படத்தில் இருக்கிற மஞ்சள் கிரேன்களில் கோலியாத் வந்தது 1969, சாம்சன் 1974. பின்னாளில் நான் டெக்கில் வேலை பார்த்த விமானந்தாங்கிக் கப்பல் விக்ராந்த் அங்கே இருந்தபோது இரண்டுமே கிடையாது. பாதியில் நின்றுபோன ஹெர்குலிஸ் என்ற பிரிட்டிஷ் கப்பலை 1957-இல் நாம் வாங்கி, அந்த ஹார்லண்ட் அண்ட் உல்ஃப் தளத்தில்தான் வேலையை முடித்தோம். 1961 மார்ச் 4 அன்று அங்கேயே அது நம் கடற்படையில் சேர்ந்தது. எனக்கு அப்போது பதினொரு வயது. சூலூரில் கடற்படையின் சீ ஹாக், வாம்பயர் ஜெட் விமானங்கள் பறந்த காலம் அது. மாட்டை விட்டுவிட்டு வானத்தைப் பார்த்து நின்றதற்கு உன் தாத்தாவிடம் அடி வாங்கியிருக்கிறேன்.

விமானம் கப்பலில் இறங்கும்போது பிரேக் போடுவார்களா என்று பேரன் கேட்டானாம். நேர்மாறு! சக்கரம் கப்பலின் மேல்தளமான டெக்கைத் தொட்டதும் பைலட் எஞ்சினை முழு வேகத்துக்குக் கொண்டுபோவார். முதல் தடவை பார்த்தபோது எனக்கு வயிறு கலங்கிவிட்டது.

பழைய விசிறி விமானங்களில், டெக்கில் நின்று வழிகாட்டும் பேட்ஸ்மேன் என்பவர் கையிலுள்ள மட்டையால் சைகை காட்டியதும் எஞ்சினைக் குறைத்துவிடுவார்கள். வாலில் உள்ள கொக்கி குறுக்குக் கம்பியில் மாட்ட வேண்டும். தவறினால் தடுப்பு, அதற்கும் அப்பால் வரிசையாக நிறுத்தியிருக்கும் விமானங்கள். 1945 டிசம்பர் 3 அன்று எரிக் பிரவுன் என்ற பிரிட்டிஷ் பைலட் ஒரு வாம்பயரை ஓஷன் என்ற கப்பலில் இறக்கி, ஜெட்டாலும் முடியும் என்று காட்டினார். ஆனால் ஜெட் வருகிற வேகம் அதிகம். குறைத்த எஞ்சின் மறுபடி வேகம் பிடிக்கச் சில விநாடி ஆகும். அந்தச் சில விநாடி டெக்கில் கிடையாது. சக்கரத்தை இறக்காமல், ரப்பர் மெத்தைமேல் வயிற்றாலேயே இறங்கிப் பார்த்த கூத்தும் நடந்தது. அதையும் செய்தவர் பிரவுன்தான்!

1951-இல் டென்னிஸ் கேம்பெல் என்ற கேப்டனுக்கு ஒரு யோசனை வந்தது: இறங்கும் பாதையைக் கொஞ்சம் இடப்பக்கம் சாய்த்துவிடலாம். அவ்வளவுதான். கொக்கி தவறினாலும் எதிரே விமானம் இல்லை, வெறும் கடல். அப்படியே எழும்பிச் சுற்றி வந்துவிடலாம், எஞ்சின் முழு வேகத்தில் இருந்தால். இதை நாங்கள் போல்டர் என்போம்.

மாட்டினால் எங்கள் வேலை. கம்பி சீறிக்கொண்டு இழுபடும், விமானத்தின் மூக்கு அமுங்கி எழும். குனிந்தபடி ஓடிக் கொக்கியை விடுவிக்க வேண்டும். பிய்ந்த இழை ஒன்று இருந்தால் கையுறையைக் கிழித்துவிடும். எஞ்சின் பக்கத்திலேயே அலறிக்கொண்டிருக்கும். அடுத்த விமானம் வேறு பின்னாலேயே வந்துகொண்டிருக்கும்.

எனக்குப் பிடித்தது கண்ணாடிதான். பேட்ஸ்மேனுக்குப் பதிலாக வந்தது. அந்தக் காலத்தில் குழிந்த கண்ணாடியில் ஒரு விளக்கைக் காட்டுவார்கள். பைலட்டுக்கு அது பந்து மாதிரி தெரியும். இரு பக்கப் பச்சை விளக்குகளுக்கு நேராகப் பந்து நின்றால் சரியான இறக்கம். மேலே போனால் உயரம் அதிகம், கீழே போனால் ஆபத்து. இதை யோசித்த நிக்கோலஸ் குட்ஹார்ட், அலுவலகப் பெண் ஒருவரின் கைக்கண்ணாடியையும் லிப்ஸ்டிக்கையும் வாங்கி மேசைமேல் செய்து காட்டினாராம். கண்ணாடியில் ஒரு கோடு, எதிரே லிப்ஸ்டிக். அதன் பிம்பம் கோட்டை விட்டு நகராதபடி பார்த்துக்கொண்டே நடந்தால் முகம் தானாகத் தாழ்ந்து மேசைக்கு வந்துவிடும்.

பேரனைச் செய்து பார்க்கச் சொல். நான் நேற்று உங்கம்மா கண்ணாடியில் சாந்தால் கோடு போட்டுப் பார்த்தேன். சரியாக வந்தது, தாவாங்கட்டை மட்டும் மேசையில் இடித்துக்கொண்டது. கண்ணாடியைக் கெடுத்துவிட்டேன் என்று உங்கம்மா இன்னும் திட்டுகிறாள். இடது பக்கம் நின்று திட்டுவதால் பரவாயில்லை.

அன்புடன்,
அப்பா