பேய்க்கு என்ன வேணுமாம்?

மன்ரோவில், பென்சில்வேனியா
நவம்பர் 3, 2024

அன்புள்ள சோடாபுட்டிக்கு,

உன்னுடைய பதினோரு நிமிடக் குரல் பதிவை இரண்டு தடவை கேட்டேன். முதல் தடவை சமையலறையில். இரண்டாம் தடவை வீட்டுக்குப் பின்னால் சருகு வாரிக்கொண்டே. அதில் பாதி நேரம் உன் குக்கர்தான் பேசுகிறது. மிச்சத்தில் நீ சுற்றிச் சுற்றிக் கேட்டிருப்பது ஒரே கேள்வி: “ஏட்டி, அந்தச் சவங்களுக்கு என்னதான் வேணுமாம்?” இதற்கு வாட்ஸப்பில் பதில் சொல்ல எனக்குத் தெரியவில்லை. அதனால்தான் பேப்பரும் பேனாவுமாக உட்கார்ந்துவிட்டேன். தபால் வந்துசேர மூன்று வாரம் ஆனாலும் ஆகட்டும்.

அக்டோபர் முழுக்க தினம் ஒரு பேய்ப்படம் என்று செப்டம்பரில் சபதம் போட்டோம். பதினேழில் நின்றோம். உன் மருமகள் பிரசவத்தைக் கணக்கில் சேர்த்தால் இது மோசமில்லை. பதினேழில் நாலைந்துதான் பேசத் தகுந்தது. பொம்மை கத்தியைத் தூக்கிக்கொண்டு ஓடுகிற படத்துக்கு நீ சிரித்த சிரிப்பே போதும், அதை விட்டுவிடலாம்.

முதலில் ஒரு குற்றச்சாட்டு. எனக்கு இரவு ஒன்பது மணி, உனக்குக் காலை ஆறரை. விடிந்தும் விடியாமல், தோசைக்கல்லை அடுப்பில் போட்டுவிட்டு, பால்காரர் மணியடிக்கிற நேரத்தில் பேய்ப்படம் பார்க்கிற ஆள் இந்த உலகத்திலேயே நீ ஒருத்திதான். அப்புறம் “எனக்குப் பயமே வரலை” என்று பெருமை வேறு. நான் விளக்கை அணைத்துவிட்டு, மாடியில் இவர் “சத்தத்தைக் குறை” என்று கத்துவதையும் கேட்டுக்கொண்டு, கால் இரண்டையும் சோபா மேலே தூக்கி வைத்துப் பார்க்கிறேன். வெளியே எதிர்வீட்டுக்காரர் ஹாலோவீன் பண்டிகைக்கென்று பன்னிரண்டு அடி பொம்மை எலும்புக்கூட்டை நட்டு வைத்திருக்கிறார். ஹோம் டிப்போ கடையில் 2020லிருந்து விற்கிறார்கள். ஜன்னல் திரை விலகினால் அதன் கண்தான் முதலில் தெரியும். நீ ஒரு நாள் இங்கே வந்து பாரு, அப்புறம் பேசு.

ஆனால் உன் கேள்வி புதிதில்லை. ஹாஸ்டல் டேக்கு ஆளுக்கு ஐந்து ரூபாய் போட்டு, வார்டனிடம் பக்திப்படம் என்று சொல்லி வீடியோ டெக் வாடகைக்கு எடுத்தோமே, ஞாபகம் இருக்கிறதா? கேசட்டில் வந்தது ‘ஈவில் டெட்’. இங்கிலீஷ் ஒரு வார்த்தை புரியவில்லை. புரியவேண்டிய அவசியமும் இருக்கவில்லை. முடிந்ததும் எட்டுப் பேர் ஒரே அறையில் படுத்தோம். பாத்ரூமுக்குக்கூட ரயில் வண்டி மாதிரி ஒருத்தி தோளை ஒருத்தி பிடித்துக்கொண்டு போனோம். நீ மட்டும் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, “அந்தக் காட்டுக்குள்ள கிடக்கது யாரு? அதுக்கு என்ன குறை?” என்று எல்லாரையும் கேட்டுக்கொண்டிருந்தாய். யாருக்கும் தெரியவில்லை. எனக்கு இன்றைக்கும் தெரியாது.

உனக்கு அந்தக் கேள்வி உங்கள் ஆச்சியிடமிருந்து வந்தது. அடுத்த வீட்டுப் பெண்ணுக்குக் காத்துகருப்பு என்று புளியம்பட்டி அந்தோணியார் கோயிலுக்குக் கூட்டிப்போன கதையை எத்தனை தடவை சொல்லியிருப்பாய். பேய் ஆடத் தொடங்கியதும் ஆச்சி கேட்டது இதைத்தானே: “யாரு நீ? எந்த ஊரு? உனக்கு என்ன வேணும்?” எங்கள் பக்கம் பேயோட்டுகிற கோடாங்கி கேட்பதும் இதே மூன்றுதான். பெயர் சொல்லும், செத்த விதம் சொல்லும், கடைசியில் ஒரு சேலையோ கருவாட்டுக் குழம்போ கேட்கும். கொடுத்தால் போய்விடும். போகாவிட்டால்தான் முடியைப் பிடித்துப் புளியமரத்தில் ஆணி அடிப்பது எல்லாம். நம் ஊரில் பேயோடு பேச்சுவார்த்தை நடத்த முடியும்.

நம் படங்களும் அப்படித்தான். இடைவேளை வரைக்கும் அது நம்மைப் பயமுறுத்தும். இடைவேளைக்கு அப்புறம் ஃபிளாஷ்பேக். ‘காஞ்சனா’ வந்தபோது தியேட்டரில் பெண்கள் விசில் அடித்தார்கள் என்று நீதான் எழுதியிருந்தாய். நிலத்தைப் பறிகொடுத்து, கொலையும் செய்யப்பட்ட ஒரு திருநங்கை பேயாக வந்து அடிக்கும்போது யார்தான் வில்லன் பக்கம் நிற்பார்கள்? புருஷன் கையால் செத்துப் பேயாக வந்து பழிவாங்கிய பழையனூர் நீலி காலத்திலிருந்து இதே கதைதான். இன்னும் ஒரு படி மேலே போய், அநியாயமாகச் செத்தவளுக்குப் பீடம் போட்டு, இசக்கி என்று பெயர் வைத்து, பொங்கலும் வைத்துவிடுவோம். பயந்தது போய், பிள்ளை வரம் கேட்கிற அளவுக்கு உறவாகிவிடும்.

இப்போது டைரக்டர் ஜார்ஜ் ரோமெரோவின் படத்துக்கு வருகிறேன். 1968இல் எடுத்த கறுப்பு வெள்ளைப் படம், ‘நைட் ஆஃப் தி லிவிங் டெட்’. நீ யூடியூபில் காசு கொடுக்காமல் பார்த்தாயே, அதற்கு ஒரு காரணம் உண்டு. கடைசி நேரத்தில் படத்தின் பெயரை மாற்றியபோது, பழைய பெயருக்குக் கீழே இருந்த காப்புரிமை வரி விடுபட்டுப் போனது. அன்றைய சட்டப்படி அந்த ஒரு வரி இல்லையென்றால் உரிமையே இல்லை. ஊரெல்லாம் யார் வேண்டுமானாலும் போட்டு ஓட்டிக்கொண்டார்கள். எடுத்தவர்கள் பிட்ஸ்பர்க்கில் விளம்பரப் படம் எடுத்துக்கொண்டிருந்த சின்னக் கூட்டம். ரத்தம் என்று நீ முகம் சுளித்தது சாக்லேட் சிரப்.

அதில் வரும் கல்லறை எங்கள் வீட்டிலிருந்து ஒரு மணி நேரத் தூரம். எவன்ஸ் சிட்டி. நாலு வருஷத்துக்கு முன்னால் மகளோடு போனேன். குன்றின் மேல் சின்ன இடம். ஒரு சின்ன சேப்பல் இருக்கிறது. அது இடிந்து விழுகிற நிலைமைக்குப் போனபோது ரசிகர்கள்தான் காசு சேர்த்துப் பழுது பார்த்தார்களாம். கறுப்பு பனியன் போட்ட பையன்கள் கல்லறைக்கு நடுவே பிணம் மாதிரி கையை நீட்டிப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு ஒரு மாதிரி இருந்தது. கீழே நிஜமாகவே ஆட்கள் படுத்திருக்கிறார்கள், அவர்களுக்குப் பேரன் பேத்தி இருக்கும். செருப்பைக் கழற்றலாமா என்றுகூட ஒரு கணம் தோன்றியது. மகள் சிரித்தாள், போட்டுக்கொண்டேன்.

அந்தப் படத்தில் செத்தவர்கள் ஏன் எழுந்து வருகிறார்கள்? வெள்ளிக் கிரகத்துக்குப் போய்த் திரும்பிய விண்கலத்தின் கதிர்வீச்சு என்று டிவியில் ஒரு பேச்சு வருகிறது. ரோமெரோவே அதை நம்பியிருப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை. வருகிறார்கள், அவ்வளவுதான். யார் மேலும் கோபம் கிடையாது. யார் கையில் அகப்படுகிறார்களோ அவர்களைத் தின்கிறார்கள். யாரு நீ என்று கேட்டால் பதில் சொல்ல அங்கே ஒருவரும் இல்லை. எனக்குப் பயம் வருவது அந்த இடத்தில்தான்.

ஆனால் கடைசிக் காட்சியைப் பற்றி நீ சொன்னதை நான் பத்து நாளாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். இரவு முழுக்க வீட்டைக் காத்து, விடியும்வரை தப்பித்த ஒரே ஆள், கறுப்பின இளைஞன் பென். அவனைப் பிணம் என்று நினைத்துத் துப்பாக்கிக்காரர்கள் சுட்டுவிடுகிறார்கள், கொக்கியால் இழுத்துப் போய் எரிக்கிறார்கள். நீ தோசைக்கரண்டியோடு நின்றபடி சொன்னாய்: “நம்ம ஊரா இருந்தா படமே இங்கனதான் ஆரம்பிக்கும்.” உண்மைதானே! பென் எழுந்து வருவான். ஒவ்வொரு துப்பாக்கிக்காரன் வீட்டுக் கதவையும் தட்டுவான். இரண்டு தலைமுறை கழித்து அவனுக்கு ஒரு பீடமும் வில்லுப்பாட்டும் இருக்கும், கொலையுண்டு சாமியான முத்துப்பட்டனுக்கு இருக்கிற மாதிரி. படச்சுருளைக் காரில் வைத்து நியூயார்க்குக்கு ஓட்டிப் போகும்போதுதான் மார்ட்டின் லூதர் கிங் சுடப்பட்ட செய்தியை ரேடியோவில் கேட்டதாக ரோமெரோ சொல்லியிருக்கிறார். பென்னுக்குக் குறை இருந்தது. ஆனால் அவன் எழுந்து வரவில்லை. குறையே இல்லாதவர்கள்தான் அந்தப் படத்தில் எழுந்து நடக்கிறார்கள். இதை நீ சொல்லாமல் இருந்தால் நான் கவனித்திருக்கவே மாட்டேன். அங்கே நீ ஜெயித்தாய்.

அடுத்த படத்தில் நான் ஜெயித்தேன் என்று வைத்துக்கொள். 1978இல் வந்த ‘டான் ஆஃப் தி டெட்’. அதை எடுத்த மன்ரோவில் மாலில்தான் நான் இந்த ஊருக்கு வந்த முதல் வாரம் குளிர்கோட்டு வாங்கினேன். அப்போது எனக்கு ஒன்றும் தெரியாது. கடைகள் மூடியபிறகு இரவு முழுக்கப் படம் பிடித்து, காலையில் கதவு திறப்பதற்குள் சுருட்டி எடுத்துக்கொண்டு போவார்களாம். கிறிஸ்துமஸ் ஜோடனை தொங்கிய நாட்களில் நிறுத்திவிட்டு, எடுத்தபிறகு மறுபடி தொடங்கினார்கள். இப்போது உள்ளே ரோமெரோவுக்கு ஒரு மார்பளவுச் சிலை இருக்கிறது. மாலை போட ஆள் இல்லாத சிலை.

அதில் செத்தவர்கள் கூட்டம் கூட்டமாக அந்த மாலுக்கு ஏன் வருகிறார்கள் என்று ஒருத்தி கேட்பாள். பழக்கம், ஞாபகம், இது அவர்கள் வாழ்க்கையில் முக்கியமான இடமாக இருந்தது என்கிற மாதிரி பதில் வரும். உன் கேள்விக்கு ரோமெரோவின் பதில் அதுதான். அவற்றுக்கு ஒன்றும் வேண்டாமடி. வந்து வந்து பழகிவிட்டது, வருகின்றன. பனிக்காலத்தில் வெளியே நடக்க முடியாது என்று நாங்கள் ஏழெட்டுக் கிழடுகள் காலையில் அந்த மாலுக்குள்தான் நடக்கிறோம். பாதிக் கடை மூடிக் கிடக்கும். இரும்புக் கதவுக்கு முன்னால், ஒன்றும் வாங்காமல், அதே வட்டம். போன செவ்வாய்க்கிழமை மூன்றாவது சுற்றில் படம் ஞாபகம் வந்து நின்றுவிட்டேன். பின்னால் வந்த சீனக்காரத் தாத்தா மோதப் பார்த்தார். இசக்கியிடம்கூட எனக்கு இப்படி வயிற்றைக் கலக்கியதில்லை.

‘ஹாலோவீன்’ படம் பற்றி நாம் சண்டையே போட்டுவிட்டோம். அதில் கொலை செய்கிற முகமூடிக்காரனுக்குப் பெயர்ப் பட்டியலில் பெயர்கூடக் கிடையாது, உருவம் என்று மட்டும் போட்டிருக்கும். ஆறு வயதில் அக்காவைக் கொன்றான், ஏன் என்று யாரும் சொல்வதில்லை. முகமூடி, ஸ்டார் ட்ரெக் கேப்டனுடையதை மலிவாக வாங்கி வெள்ளையடித்தது. கலிபோர்னியாவில் வசந்த காலத்தில் எடுத்ததால் சருகுக்குக்கூடச் சாயம் பூசி, காட்சி முடிந்ததும் பொறுக்கி மூட்டை கட்டித் திரும்பப் பயன்படுத்தினார்கள். இங்கே என் வீட்டுக்கு வந்திருந்தால் லாரி லாரியாக இலவசமாகக் கொடுத்திருப்பேன். அவன் ஏன் அந்தப் பெண்ணையே துரத்துகிறான் என்று நீ கேட்ட அதே கேள்வியை அமெரிக்காக்காரர்களும் கேட்டிருப்பார்கள் போல. 1981இல் வந்த இரண்டாம் பாகத்தில், அவள் அவனுடைய தங்கை என்று சொல்லிவிட்டார்கள். ஃபிளாஷ்பேக் வந்துவிட்டது! அதோடு என் பயமும் போயிற்று. சொந்தக்காரன் என்று தெரிந்த பிறகு என்ன பயம், அது நம் வீட்டுச் சொத்துத் தகராறு மாதிரி. எடுத்தவர்களுக்கே பிடிக்கவில்லையோ என்னவோ, 2018இல் வந்த படத்தில் அந்தத் தங்கை உறவைத் தூக்கி எறிந்துவிட்டார்கள்.

உன்னை நிஜமாகவே பயமுறுத்தியது அந்த ஜப்பான் படம் ஒன்றுதான், ‘ரிங்கு’. ஒத்துக்கொள். கதாநாயகி கிணற்றுக்குள் இறங்கி, பேயாக வருகிறவளின் எலும்பை எடுத்து மார்போடு அணைத்ததும், “அப்பாடா, சாந்தியாயிட்டு” என்று நீ அனுப்பினாய். ஏழு நிமிடம் கழித்து, பேய் போகாமல் திரும்பி வந்ததும், உன்னிடமிருந்து வந்தது வெறும் “ஐயோ”. தோசை கருகியிருக்கும். எலும்பை எடுத்தாச்சு, குறை தீர்ந்தாச்சு, பேய் போய்விடும் என்று நம்புகிற நம்மை மாதிரி ஆட்களுக்காகவே போட்ட பொறி அது. எனக்கு அவ்வளவு இல்லை. நீ அலறியதுதான் எனக்குச் சந்தோஷம்.

இந்த வருஷம் தீபாவளியும் ஹாலோவீனும் ஒரே நாளில் வந்ததே, அதைச் சொல்லியாக வேண்டும். காலையில் எண்ணெய்க் குளியல், முறுக்கு. சாயங்காலம் வாசலில் அகல்விளக்கு, பக்கத்தில் சாக்லேட் கிண்ணம். வேஷம் போட்டு வீடுவீடாக மிட்டாய் கேட்டு வருகிற குழந்தைகளுக்கு முறுக்கைக் கொடுக்க முடியாது, உறை பிரிக்காத கடைத் தின்பண்டம்தான் வாங்குவார்கள். எலும்புக்கூடு வேஷம் போட்ட ஒரு பொடியன் விளக்கைப் பார்த்து “யார் செத்துப்போனது?” என்று கேட்டான். ஒரு அசுரன் என்றேன். கெட்டவனா என்றான். கெட்டவன்தான், ஆனால் சாகும்போது என் நாளை எல்லாரும் சந்தோஷமாகக் கொண்டாடணும் என்று வரம் கேட்டுக்கொண்டான் என்றேன். அவன் இரண்டு சாக்லேட் எடுத்துக்கொண்டு போய்விட்டான். பார், நரகாசுரனைக்கூட என்ன வேணும் என்று கேட்காமல் நாம் அனுப்பவில்லை.

நேற்று கல்லறைத் திருநாள். அம்மா கல்லறைக்கு வெள்ளையடித்தாயா? மழை விட்டிருந்ததா? மெழுகுவர்த்தி நிற்கவில்லை என்று போன வருஷம் தேங்காய்ச் சிரட்டையை மூடி வைத்த படம் அனுப்பியிருந்தாய். இருட்டியபிறகும் அங்கே உட்கார்ந்து ஊர்க்கதை பேசிவிட்டு வந்தோம் என்றாய். உனக்குப் பேய்ப்படத்தில் பயம் வராததற்குத் தோசைக்கல்லை மட்டும் குறை சொல்ல முடியாதோ என்னமோ.

ஒரு முக்கியமான சேதி. இன்று அதிகாலை இங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளியாயிற்று. இனி என் ஒன்பது மணி உனக்கு ஏழரை, பேத்தியின் வேன் வருகிற நேரம். அதனால் நான் எட்டுக்கே உட்கார்கிறேன். இவருக்குச் சாப்பாடு ஏழுக்கே போட்டுவிடுவேன், முணுமுணுக்கட்டும். மிச்சம் பதினாலு படம் இருக்கிறது. அக்டோபர் முடிந்தால் என்ன, மார்கழிக்கும் பேய் வரும். அடுத்தது உன் முறை, ஆனால் ஃபிளாஷ்பேக் இல்லாததாகப் பார்த்துத் தேர்ந்தெடு. தோசையை முதலிலேயே சுட்டு ஹாட்பாக்ஸில் வைத்துவிடு.

உன்,
ஒட்டடைக்குச்சி

பி.கு: எதிர்வீட்டு எலும்புக்கூட்டை இன்னும் கழற்றவில்லை. கிறிஸ்துமஸுக்குச் சிவப்புத் தொப்பி போட்டுவிடுவாராம்.