உமையாளுக்கு அப்பச்சி எழுதுவது

சிவமயம்

காரைக்குடி

அன்பு மகள் உமையாளுக்கு,

இங்கே ஆத்தா, அப்பத்தா எல்லோரும் நலம். ஞாயிற்றுக்கிழமை போனில் நீ சொன்னதைப் பற்றித்தான் எழுதுகிறேன். போனில் நான் எதைச் சொன்னாலும் "சரி அப்பச்சி, பார்க்கலாம்" என்று முடித்துவிடுகிறாய். எழுதி அனுப்பினால் நிதானமாகப் படிப்பாய், இரண்டு நாள் கழித்து மறுபடியும் எடுத்துப் பார்ப்பாய்.

பிஎச்டி தீசிஸ் கொடுத்தாயிற்று. இப்போது உன் முன்னால் இரண்டு வழி. ஜெர்மனியில் இரண்டு வருஷ போஸ்ட்டாக், அதாவது பிஎச்டிக்கு அப்புறம் செய்யும் ஆராய்ச்சி, இல்லையென்றால் ஐதராபாத்தில் ஒரு தடுப்பூசி கம்பெனியின் மைக்ரோபயாலஜி பிரிவில் வேலை. ஜெர்மனியைப் பற்றிப் பேசும்போது சாதாரணமாகப் பேசினாய். கம்பெனியைப் பற்றிச் சொல்லும்போது குரல் இறங்கிவிட்டது. "இத்தனை வருஷம் ஆராய்ச்சி பண்ணிவிட்டுக் கடைசியில் குவாலிட்டி கன்ட்ரோலா?" என்று லேபில் கேட்கிறார்களாம். நீயும் அதை நம்ப ஆரம்பித்துவிட்டாய் என்பது தெரிந்தது. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

நீ எங்கே போக வேண்டும் என்று நான் சொல்லப் போவதில்லை. ஆனால் எது உசத்தி, எது மட்டம் என்ற கணக்கில் மட்டும் இதை முடிவு செய்யாதே. காலையில் போய்ச் சாயங்காலம் வரை உன் கை என்ன செய்யப் போகிறது, உன் கண் எதைப் பார்க்கப் போகிறது, அதில் உனக்கு ஆசை இருக்கிறதா என்று பார். பதவியின் பெயர் விசிட்டிங் கார்டில் இருக்கும். நாள் முழுக்க உன்னோடு இருப்பது அந்த வேலை.

நான் இங்கே சிக்ரியில், அந்த மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்தில், டெக்னீஷியனாகச் சேர்ந்தபோது கிருமி என்றால் காய்ச்சல் வரவைப்பது என்ற அளவில்தான் தெரியும். அரிமானப் பிரிவில் போட்டார்கள். இரும்பு ஏன் துருப்பிடிக்கிறது என்று பார்க்கிற இடத்தில் கிருமிக்கு என்ன வேலை என்று நினைத்தேன். மண்டபத்தில் எங்கள் ஆய்வகத்துக்கு ஒரு நிலையம் இருக்கிறது, உன்னைச் சின்ன வயதில் கூட்டிப்போயிருக்கிறேன். அங்கே இரும்புத் தகடுகளைக் கடலில் மாதக்கணக்கில் தொங்கவிட்டு எடுப்போம். மேலே சிப்பியும் பாசியும் அப்பியிருக்கும். சுரண்டினால் அடியில் கறுப்பாக ஒரு வழவழப்பு. அதில் ஒரு சொட்டு அமிலம் விட்டால் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும்.

எங்கள் விஞ்ஞானி ஒருவர் பக்கத்தில் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தார். மேல் அடுக்கில் இருக்கும் கிருமிகள் ஆக்சிஜனை எல்லாம் தீர்த்துவிடுகின்றன. அதற்குக் கீழே ஆக்சிஜனே வேண்டாத இன்னொரு கூட்டம் குடியேறுகிறது. கடல்நீரில் உள்ள சல்ஃபேட்டை அது சல்ஃபைடாக மாற்றுகிறது. அந்தக் கறுப்பு, இரும்பு சல்ஃபைடு. கடலில் மட்டுமில்லை, காற்றுப் புகாத மண்ணில் புதைத்த வார்ப்பிரும்புக் குழாயும் இப்படி அரிக்கப்படும் என்பதை 1934 இலேயே ஹாலந்துக்காரர்கள் இருவர் விளக்கி எழுதியிருக்கிறார்கள். நீ முதல் வருஷத்தில் பயோஃபில்ம் பற்றி, கிருமிகள் கூட்டமாக ஒட்டி வளரும் அந்தப் படலத்தைப் பற்றி, எனக்குப் புரியவைக்க முயன்றாயே, எனக்கு உடனே அந்தத் தகடுகள்தான் ஞாபகம் வந்தன. இன்றைக்கும் நீ அனுப்பும் படங்களில் அந்த அடுக்குகளைத் தேடிப் பார்க்கிறேன்.

என் வேலை அந்தத் தகடுகளைக் கழுவி, உலர்த்தி, எவ்வளவு இரும்பு போயிருக்கிறது என்று நிறுத்து எழுதுவது. நாலாவது தசம இலக்கம் சரியாக இருந்தால்தான் அந்தக் கணக்குக்கு மதிப்பு. கட்டுரையில் என் பெயர் வந்ததும் உண்டு, வராததும் உண்டு. ஆனால் அந்த எண் சரியானது என்பது எனக்குத் தெரியும், கட்டுரை எழுதியவருக்கும் தெரியும். அதை நான் ஒருநாளும் சின்ன வேலையாக நினைத்ததில்லை. நீயும் எந்த லேபிலும் எந்த வேலையையும் அப்படி நினைக்கக் கூடாது.

மண்டபம் என்றதும் இன்னொன்று. அந்தப் பக்கத்துப் பெண்கள் விரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டு கடலுக்குள் முங்கி மரிக்கொழுந்துப் பாசி எடுப்பார்கள். பாறையில் ஒட்டியிருப்பதைப் பிய்க்கும்போது விரலை அறுத்துவிடும், அதற்குத்தான் துணி. மூச்சைப் பிடித்துக்கொண்டு எடுத்த பாசியைக் கரையில் காயப்போட்டு விற்பார்கள். லேபில் கிருமி வளர்க்கத் தட்டில் ஊற்றுகிற ஜெல்லியான அகாரை அதிலிருந்துதான் எடுக்கிறார்கள் என்று தெரிந்தபோது, எங்கள் லேப் பிளேட்டுகளைப் பார்க்கும் பார்வையே எனக்கு மாறிவிட்டது. உன் பிளேட்டில் இருக்கும் அகார் வேறு நாட்டுப் பாசியிலிருந்து வந்திருக்கலாம். எங்கேயானாலும் யாரோ ஒருவர் தண்ணீரில் இறங்கித்தான் எடுத்திருக்கிறார்.

அகாரை லேபுக்குள் கொண்டுவந்ததும் பேராசிரியர் இல்லை. 1881 இல் வால்தர் ஹெஸ்ஸே என்பவர் ஜெர்மன் கிருமி விஞ்ஞானி ராபர்ட் காக்கின் ஆய்வகத்தில் வேலை பார்த்தார். அப்போது கிருமி வளர்க்க ஜெலட்டின்தான். கோடையில் அது உருகி ஓடிவிடும், சில கிருமிகள் அதையே தின்று தண்ணீராக்கிவிடும். அவர் மனைவி ஃபானி அவருக்கு லேபில் உதவியாக இருந்தவர், நுண்ணோக்கியில் பார்த்ததைப் படமாக வரைந்து கொடுத்தவர். ஜாவாவில் வாழ்ந்த ஒரு குடும்பத்திடமிருந்து அகாரைப் பற்றித் தெரிந்துகொண்டு, வெயில் காலத்திலும் இளகாத ஜெல்லி செய்து வந்தவர் அவர். இதைப் போட்டுப் பாருங்கள் என்று சொன்னார். அகார் கொதிநிலைக்குச் சற்றுக் கீழே உருகும், 40 டிகிரி பக்கத்தில் வந்தால்தான் உறையும். அதனால் 37 டிகிரியில் இன்குபேட்டரில் வைத்தாலும் கெட்டியாகவே நிற்கும். அடுத்த வருஷம் காக் காசநோய்க் கிருமியைப் பற்றி எழுதிய கட்டுரையில் அகார் இருக்கிறது, ஃபானியின் பெயர் இல்லை. காக்கின் உதவியாளர் பெட்ரி 1887 இல் அறிவித்த தட்டுக்கு மட்டும் அவர் பெயர் நிலைத்துவிட்டது. ஆனாலும் இன்றைக்கு உலகத்தில் எந்த மைக்ரோபயாலஜி லேப் திறந்தாலும் ஃபானி சொன்னதைக் கரைத்து ஊற்றித்தான் வேலையை ஆரம்பிக்கிறார்கள்.

நம் ஊர்ப் பக்கத்திலேயே இன்னும் பெரிய உதாரணம் இருக்கிறது. நீ படித்திருப்பாய், ஆனால் இந்த நேரத்தில் மறுபடி நினைத்துப் பார்க்க வேண்டும். 1985 கடைசியில் சென்னை மருத்துவக் கல்லூரியில் நிர்மலா செல்லப்பன் மைக்ரோபயாலஜி மாணவி. தீசிஸுக்குத் தலைப்புத் தேடிக்கொண்டிருந்தவரிடம், எய்ட்ஸ் நம் ஊரில் இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னவர் பேராசிரியர் சுனிதி சாலமன். அப்போது இந்தியாவில் அந்த நோயே இல்லை என்றுதான் எல்லோரும் நம்பிக்கொண்டிருந்தார்கள். நிர்மலா காப்பகத்தில் இருந்த பெண்களைப் போய்ப் பார்த்துப் பேசி, 80 ரத்த மாதிரிகள் சேகரித்தார். வைக்க இடமில்லாமல் வீட்டு ஃபிரிட்ஜில் வைத்தார். சென்னையில் பரிசோதிக்க வசதி கிடையாது. 1986 பிப்ரவரியில் அவரும் அவர் கணவரும் ஐஸ் பெட்டியில் மாதிரிகளை எடுத்துக்கொண்டு இரவு ரயிலில் காட்பாடி போய், வேலூர் சிஎம்சி மருத்துவக் கல்லூரியில் கொடுத்துச் சோதித்தார்கள். ஆறு மாதிரிகள் மஞ்சளாக மாறின, கிருமி இருப்பதற்கு அதுதான் அடையாளம். இந்தியாவில் எச்ஐவி இருப்பது அப்படித்தான் தெரிந்தது.

அதற்கப்புறம் அவர் என்ன ஆனார் என்பதைத்தான் நீ கவனிக்க வேண்டும். தீசிஸை முடித்தார், சென்னை கிங் இன்ஸ்டிடியூட்டில் தடுப்பூசி தயாரிக்கும் பிரிவில் சேர்ந்தார், அங்கேயே வேலை பார்த்து ஓய்வு பெற்றார். இத்தனை பெரிய கண்டுபிடிப்பில் கை வைத்தவர், அடுத்துத் தடுப்பூசி வேலைக்குப் போனார். அதை வீண் என்று யாராவது சொல்ல முடியுமா? நீ தலைகுனிந்து சொன்ன வேலையும் தடுப்பூசி வேலைதான், உமையாள்.

மருந்து ஆராய்ச்சி விஞ்ஞானி எல்லப்பிரகட சுப்பாராவைப் பற்றி நான் அதிகம் சொல்ல வேண்டியதில்லை, உனக்கே தெரியும். ஹார்வர்டில் நிரந்தர இடம் கிடைக்காமல் 1940 இல் லெடர்லி என்ற அமெரிக்க மருந்து கம்பெனிக்குப் போனவர். யானைக்கால் நோய்க்கான ஹெட்ரசானும், டெட்ராசைக்ளின் வகை ஆன்டிபயாட்டிக்குகளில் முதலாவதான ஆரியோமைசினும் அந்தக் கம்பெனியில் அவர் நடத்திய ஆராய்ச்சிப் பிரிவிலிருந்து வந்தவை.

சரி, இனி உன்னைப் பற்றி. போன லீவில் வந்தபோது காகித நுண்ணோக்கி ஒன்று கொண்டுவந்தாய். ஊருணித் தண்ணீரில் ஒரு சொட்டு வைத்து, தெருப் பிள்ளைகளுக்கெல்லாம் வரிசையாகக் காட்டினாய். அப்பத்தா பார்த்துவிட்டு, "இதையா நாங்க குடிச்சு வளர்ந்தோம்?" என்று கேட்டார்கள். குடத்துக்குள் தேத்தாங்கொட்டையை இழைத்துத் தண்ணீரைத் தெளிய வைத்த கதையைச் சொன்னார்கள். நீ அதோடு விடவில்லை. கடைத்தெருவில் கொட்டை வாங்கி வந்து, இரண்டு பாத்திரத்தில் கலங்கல் தண்ணீர் பிடித்து, ஒன்றில் இழைத்து, ஒன்றைச் சும்மா வைத்து, மணிக்கொரு தரம் போய்ப் பார்த்தாய். "மண்ணு கீழே படியும்போது அதோட ஒட்டின கிருமியும் கொஞ்சம் படியும் அப்பத்தா, ஆனா சாகாது, காய்ச்சித்தான் குடிக்கணும்" என்று பொறுமையாக விளக்கினாய். இழைக்காத பாத்திரம் ஒன்றை ஒப்பிடுவதற்கென்று வைத்தாயே, அதை உனக்கு யாரும் சொல்லவில்லை. லீவில், வீட்டில், யாரும் மார்க் போடாத இடத்தில் நீயாகச் செய்தது. உனக்கு எது பிடிக்கும் என்பதற்கு எனக்கு அதைவிட வேறு சாட்சி வேண்டாம்.

ஆகவே இரண்டு இடத்துக்கும் பதில் எழுதுவதற்கு முன்னால் சில விஷயங்களைக் கேட்டுத் தெரிந்துகொள். ஜெர்மனிக்காரரிடம், அவர் லேபில் போஸ்ட்டாக் முடித்த பிள்ளைகள் இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று கேள். அவர் சொல்வதோடு நிறுத்தாமல், அந்தப் பிள்ளைகளில் ஒருவருக்கு நீயே எழுதிக் கேள். திரும்பி வரும்போது உன் பிராஜெக்டில் ஒரு பகுதியையாவது உன்னுடையதென்று எடுத்து வரலாமா என்று கேள். இங்கே அரசு ஆய்வக வேலைகளுக்கு வயது வரம்பு உண்டு, அதையும் இரண்டு வருஷத்தோடு சேர்த்துக் கணக்குப் போட்டுக்கொள்.

கம்பெனியில் ஷிஃப்ட் உண்டா, நைட் டியூட்டிக்கு வண்டி அனுப்புவார்களா என்று ஆத்தா கேட்கச் சொல்கிறாள், அதைக் கட்டாயம் கேள். என்னைக் கேட்டால் அதைவிட முக்கியமான கேள்வி வேறு. மருந்தில் கிருமி இல்லை என்று உறுதி செய்யும் ஸ்டெரிலிட்டி டெஸ்டில் 14 நாள் வைத்துப் பார்க்கிறீர்கள், அதில் ஏதாவது வளர்ந்துவிட்டால் அது எங்கிருந்து வந்தது என்று தேடிக் கண்டுபிடிக்க மைக்ரோபயாலஜிஸ்டை விடுவார்களா, அல்லது படிவத்தை நிரப்பி மேலே அனுப்புவதோடு சரியா? இந்த பேட்சை வெளியே விடக் கூடாது என்று நீ சொன்னால் அந்தச் சொல்லுக்கு மதிப்பு இருக்குமா? இருக்கும் என்றால் அது பொறுப்பான வேலை. ஒரு குழந்தைக்குப் போடும் ஊசி சுத்தமாக இருக்கிறது என்று கையெழுத்துப் போடுவதற்குப் படித்த ஆள் வேண்டும், ஆசையோடு பார்க்கிற ஆளும் வேண்டும். படிவம் மட்டும்தான் என்றால் உனக்கு அங்கே ஆறு மாதத்தில் மூச்சு முட்டும், போக வேண்டாம்.

பணத்தை நினைத்து ஜெர்மனியை ஒதுக்க வேண்டாம். எஸ்ஆர்எஃப் என்கிற ஆராய்ச்சி உதவித்தொகை 42,000 ரூபாயில், அதுவும் சில சமயம் மாதக்கணக்கில் தாமதமாக வந்த பணத்தில், நீ எப்படிச் சமாளித்தாய் என்று எனக்குத் தெரியும். விசா, டிக்கெட், முதல் மாத வாடகை எல்லாவற்றுக்கும் தனியாக எடுத்து வைத்திருக்கிறேன். அது கடன் இல்லை.

கல்யாண வீடுகளில் "இன்னுமா படிக்கிறா?" என்று கேட்பவர்களுக்கு நான் பதில் சொல்லிக்கொள்கிறேன். அத்தை ஒரு ஜாதகம் கொண்டுவந்தார்கள், நீ சொல்கிற வரை காத்திருக்கச் சொல்லிவிட்டேன். வருத்தம்தான், ஆனால் ஒத்துக்கொண்டார்கள். வயசாகிறது என்று நீ இதையும் அதையும் சேர்த்துக் குழப்பிக்கொண்டு ஒரு வேலையைப் பிடிக்காதே.

லேபை விட்டுக் கிளம்புமுன் உன் கிருமி ஸ்டாக்குகளையெல்லாம் கிளிசராலில் போட்டு மைனஸ் எண்பது டிகிரி ஃப்ரீசரில் வைத்து, எந்தக் குப்பியில் எது இருக்கிறது என்று உனக்கு அடுத்து வரும் பிள்ளைக்குப் புரிகிற மாதிரி எழுதி வைத்துவிட்டு வா. நோட்டுப் புத்தகங்களைக் கைடிடம் கொடுக்குமுன் அனுமதி கேட்டு ஒரு நகல் எடுத்துக்கொள்.

இரண்டு இடத்திலிருந்தும் பதில் வந்ததும் எனக்கு அனுப்பு. ஜெர்மனிக்காரர் எழுதுவதில் எனக்குப் புரியாத சொற்கள் இருந்தால் ஞாயிற்றுக்கிழமை போனில் கேட்டுக்கொள்கிறேன். ஐதராபாத் கம்பெனி இம்மாதக் கடைசிக்குள் சொல்லச் சொன்னதாகச் சொன்னாய், இன்னும் இரண்டு வாரம் அவகாசம் கேட்டு இன்றே ஒரு மெயில் போட்டுவிடு.

அன்புடன்,
அப்பச்சி