முதல் பூஜை உனக்குத்தான், அண்ணா

அண்ணா,

அம்மாவின் முதல் வருஷத் திதிக்கு ராமேஸ்வரம் போய்விட்டு வந்தேன். உன்னைக் கூப்பிடவில்லை. வருவாயா மாட்டாயா என்று காத்திருக்கிற பொறுமை என்னிடம் இல்லை, அவ்வளவுதான். கோபத்தில் விட்டுவிட்டேன் என்று யாராவது சொன்னால் நம்பாதே. கொஞ்சம் நம்பலாம்.

போனில் பேசாதவள் ஊரே படிக்கிற இடத்தில் ஏன் எழுதுகிறாள் என்று கேட்பாய். நான் அனுப்புவதை நீ திறந்தே பார்ப்பதில்லை. இங்கே எழுதினால் யாராவது உனக்குப் படித்துக் காட்டுவார்கள், நம் சொந்தத்தில் அதற்கு ஆள் பஞ்சமில்லை. அவர்களும் படிப்பார்கள் என்பதால்தான் சிலதை எழுதாமல் விடுகிறேன். ஆஸ்பத்திரியில் நடந்தது, அப்புறம் பதினாறாம் நாள் கூடத்தில் நடந்தது, இரண்டும் உனக்கும் எனக்கும் தெரியும். போதும்.

அக்னி தீர்த்தக் கரையில் தர்ப்பணத்துக்கு உட்கார்ந்ததுமே ஐயர், "பையன் வரலியாம்மா?" என்றார். அண்ணனுக்கு லீவு கிடைக்கவில்லை என்றேன். உனக்காகப் பொய் சொல்வது மட்டும் எனக்கு இன்னும் தடுமாறாமல் வருகிறது. கோத்திரம் தெரியாது என்றதும் சிவகோத்திரம் என்று வைத்துக்கொண்டார். எள்ளையும் தண்ணீரையும் என்னையே விடச் சொன்னார். அப்பா வழியில் கேட்ட பெயரெல்லாம் சொல்லிவிட்டேன். அம்மா வழியில் தாத்தா, அம்மாச்சி வரைக்கும் வந்து நின்றுவிட்டேன். தாத்தாவின் அம்மா பெயர் எனக்குத் தெரியவில்லை. உனக்குத் தெரிந்திருக்கும். அம்மாச்சியின் வெற்றிலைப் பெட்டிக்குப் பக்கத்திலேயே கிடந்தவன் நீதானே. போனை எடுத்து உன் எண் வரைக்கும் போய், திரும்ப வைத்துவிட்டேன். "பேர் தெரியலன்னா மனசுல நெனச்சுக்கோங்க" என்றார் ஐயர். முகமும் தெரியாத, பெயரும் தெரியாத ஒருத்தியை என்னவென்று நினைப்பது?

கடலில் முங்கிவிட்டு அதே ஈரத்தோடு 22 தீர்த்தத்துக்கும் போனேன். மகாலட்சுமி தீர்த்தத்தில் தொடங்கும்போதே மனசுக்குள் உன்னோடு சண்டை. கல் தரை வழுக்குகிறது, புடவை காலைச் சுற்றுகிறது. கிணற்றுச் சுவர் மேல் நிற்கிற ஆள் வாளியை இறக்கி, ஒரே இழுப்பில் தூக்கி, யார் எவர் என்று பார்க்காமல் ஊற்றுகிறார். ஒவ்வொரு கிணற்றடியிலும் உன்னைக் கேட்க ஒரு கேள்வி வைத்திருப்பேன். நீ பதில் சொல்லத் தொடங்குவதற்குள் தலையில் தண்ணீர் விழும். கங்கை, யமுனை, கயை என்று அடுத்தடுத்து மூன்று இருக்குமே, அங்கே வந்தபோது கேட்க ஒன்றுமே நினைவுக்கு வரவில்லை. மூச்சு விடுவதே வேலையாக இருந்தது. களைப்பு என்றுதான் அப்போது நினைத்தேன்.

கோடி தீர்த்தம் முடித்து, உடை மாற்றிக்கொண்டு, தரிசன வரிசையில் நின்றபோது நீ வந்துவிட்டாய். இப்போதைய நீ இல்லை. அரைக்கால் சட்டை போட்ட நீ. இதே வரிசையில்தான் அம்மாச்சி நமக்கு அந்தக் கதையைச் சொன்னாள். லிங்கம் கொண்டுவரக் கைலாசம் போன அனுமார் வரவில்லை, நல்ல நேரம் தாண்டப் பார்க்கிறது, சீதை கடற்கரை மணலையே லிங்கமாகப் பிடித்து வைத்துவிட்டாள். நான் 'ம்' கொட்டிக்கொண்டிருந்தேன். உனக்கு மூக்கு விடைத்துவிட்டது. "அவ்ளோ தூரத்துலேருந்து தூக்கிட்டு வர்றாரு, கொஞ்ச நேரம் பொறுத்தா என்ன?" என்று நீ கத்தியதில் முன்னால் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அனுமார் கோபத்தில் மணல் லிங்கத்தை வாலால் சுற்றி இழுத்தார் என்றதும், "இழுக்கட்டும்" என்றாய். அதனால்தான் அவர் கொண்டுவந்த விஸ்வநாதருக்கு முதல் பூஜை என்று ராமரே சொல்லிவிட்டார் என அம்மாச்சி சமாதானம் செய்து பார்த்தாள். நீ மசியவில்லை. ராமநாதர் சந்நிதியில் கையைக் கட்டிக்கொண்டு நின்றாய். அம்மாதான் உன் இரண்டு கையையும் பிரித்து, சேர்த்து வைத்துக் கும்பிட வைத்தாள். அவளுக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

இப்போது பார். கடைசியில் வந்தவன் நீ. கொள்ளி வைத்தது நீ, துக்கம் கேட்க வந்தவர்கள் பிடித்துக்கொண்டது உன் கையை. கூடவே இருந்து மாத்திரை எடுத்துக் கொடுத்தவளிடம், "ஏம்மா, காபி இருக்கா?" என்று கேட்டார்கள். போட்டுக் கொடுத்தேன். உனக்குச் சர்க்கரை குறைவாக.

அவர்கள் கேட்டதற்கு நீ என்ன செய்வாய், தெரியும். தெரிந்தும் உன் கணக்கில்தான் எழுதிக்கொண்டே வந்தேன். கைலாசத்தில் என்ன தாமதம் என்று நான் உன்னை ஒருநாளும் கேட்டதில்லை. கேட்டிருக்கலாம். நீயாகவும் சொல்லியிருக்கலாமே, வாயில் என்ன கொழுக்கட்டையா?

அம்மா பெயருக்கு அர்ச்சனை சொல்லப் போய், உன் பெயரும் நட்சத்திரமும் தானாக வந்துவிட்டன. என்னுடையதைச் சொல்ல மறந்தே போனேன்.

அப்புறம் மூன்றாம் பிரகாரத்தில் ஒரு தூணோரம் உட்கார்ந்தேன். 1212 தூண்கள் என்பார்கள், எண்ணுகிற எண்ணமெல்லாம் இல்லை. ஈரக்காலோடு ஆட்கள் போய்க்கொண்டே இருந்தார்கள். யாரோ ஒரு அம்மா என் மடியில் தன் பையை வைத்து, "பார்த்துக்கோ, இதோ வந்துடறேன்" என்று போய்விட்டாள். பார்த்துக்கொண்டேன். மனசு சும்மா இருந்தது. அம்மா போனதிலிருந்து அப்படி இருந்ததே இல்லை.

உன்னை மன்னித்துவிட்டதால் வந்த நிம்மதி என்று எடுத்துக்கொள்ளாதே. அந்தப் பக்கமே நான் போகவில்லை. நமக்குள் இருப்பது அப்படியேதான் இருக்கிறது, அது இருக்கும்போதே இதுவும் வந்தது. ஆனால் ஏன் தாமதமாக வந்தாய் என்று இனி மனசுக்குள்ளும் உன்னைக் கேட்கப்போவதில்லை. அதை அங்கேயே முடிவு செய்துவிட்டேன்.

தை அமாவாசைக்கு மறுபடி போகிறேன். தாத்தாவின் அம்மா பெயர் வேண்டும். வருவதானால் நேரிலேயே ஐயரிடம் சொல். வராவிட்டால் பெயரை மட்டும் அனுப்பு. அமாவாசைக்கு முன்னால், அண்ணா. பின்னால் இல்லை.

உன் தங்கை